கண்ணகி நகர் மீன் வறுவல் கடை: தயங்காமல் போகலாம்

சென்னை துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் போதும், கண்ணகி நகரில் ஒரு அக்கா சாயங்காலம் போடும் நெத்திலி வறுவல் கிடைக்கும். மசாலா தூக்கல், ஓரமெல்லாம் மொறுமொறு, பழைய எண்ணெய் வாடையே இல்லை. 2000 வாக்கிலிருந்து கூவம் கரை, அடையாற்றங்கரை என்று ஊர் நடுவில் பிழைத்த குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அக்காவும் அப்படி வந்தவர்தான், அங்கே இருந்த வாடிக்கையெல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். டெலிவரி ஆப் ஒன்றில் கடையைச் சேர்க்கக் கேட்டால், ஏரியா பேரைச் சொன்னதுமே இழுத்தடிக்கிறார்களாம். ஐடி கம்பெனிக்காரர்களும் பக்கத்திலேயே இருந்துகொண்டு "அந்த ஏரியாவா?" என்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. உட்கார இடமில்லை, பார்சல்தான். எட்டு மணிக்குள் போங்க, சங்கரா மீன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.