சோதனைச் சாவடியா, சொல்ல வருகிறவரா?

2019 மே மாத முதல் வாரம். இலங்கையில் முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்று வைத்த உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் 24 வீடுகள் கொண்ட எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு முகாமைத்துவக் குழுக் கூட்டத்துக்கு உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு யோசனைகள் இருந்தன.

முதலாவது, இனி முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களைப் பார்க்க வருகிறவர்களின் பைகளை வாசலில் திறந்து பார்ப்பது. இரண்டாவது, எல்லா வீட்டுக்கும் ஒரே படிவம், வாசலில் கமரா, சந்தேகம் ஏதும் இருந்தால் யாரும் எந்த நேரத்திலும் செயலாளரிடம் வந்து சொல்லலாம். செயலாளர் நான்தான். இரண்டாவது யோசனையை எழுதியவனும் நானே. ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு நாடுகளின் முன்னால் வரும் தெரிவும் கிட்டத்தட்ட இதுதான். சந்தேகத்தை ஒரு சமூகத்தின் மேல் மொத்தமாகப் போட்டு, அவசரகாலச் சட்டம், தடுப்புக்காவல், தடைகள் என்று இறங்குவது ஒரு வழி. குற்றவாளியைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி, எங்கே கோட்டை விட்டோம் என்று விசாரித்து, மற்றவர்களை அயலவராகவே வைத்திருப்பது மற்ற வழி.

முதல் வழியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வேகம் இருக்கிறது, அரசாங்கம் எதையோ செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. காலி வீதியில் படையினர் நின்ற அந்த இரவுகளில் நானும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் படுத்தேன். அடுத்தடுத்த நாட்களில் ஆட்களும் வெடிபொருட்களும் பிடிபட்டதும் உண்மை. அதை மறுப்பது நியாயமில்லை.

ஆனால் சட்டம் போதாமல் இருந்ததாலா குண்டு வெடித்தது? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் மூன்று வருடத்துக்கான தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982-இல் நிரந்தரமானது. 2019 ஏப்ரலிலும் அது கையில் இருந்தது. அதோடு, ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அந்தக் கடதாசி மேசை மேசையாகப் போனதே தவிர, குண்டு வெடித்த கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களுக்குப் போய்ச் சேரவில்லை. 260-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 ஜனவரி 12-ஆம் தேதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் தலைமைகளில் இருந்தவர்களும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கடமை தவறியதற்கான தீர்ப்பு அது.

சரி, இனி என் மனதில் எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். எந்த வழியில் போனால், விஷயம் தெரிந்தவர் பயமில்லாமல் வந்து சொல்வார்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2006-இல் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்திருந்தேன். புலிகளோடு போர் நடந்த நேரம், தமிழர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். என் அறைத்தோழன் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பொதியைக் கண்டு, நேரே போய்ச் சொன்னான். நல்ல மனதோடுதான் போனான். தமிழ்ப் பெயர், வவுனியா விலாசம், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். பொதிக்குள் இருந்தது ஒரு சோடி பழைய சப்பாத்து. நான்காம் நாள் திரும்பி வந்தவன் கட்டிலில் உட்கார்ந்து, கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்கு ஒரு மாதம் கழித்து எதிர் அறைக்கு ஒருவர் வந்தார். பகலில் வெளியே போகமாட்டார், யாரோடும் பேசமாட்டார், பாரமான பை ஒன்று. லொட்ஜில் இருந்த பதினைந்து பேருக்கும் சந்தேகம். பதினைந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். அவர் வேலை தேடி வந்த அப்பாவியாகவே இருந்திருக்கலாம். ஆனால் வேறு மாதிரியான ஆளாக இருந்திருந்தாலும் நாங்கள் சொல்லியிருக்கமாட்டோம், அதுதான் பயங்கரம். அடுத்த வருடம், 2007 ஜூன் 7-ஆம் தேதி, கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகு எங்களில் யார் தானாகப் போய் ஒரு தகவல் கொடுத்திருப்பான்?

இப்போது 2019-ஐப் பாருங்கள். குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானைப் பற்றி முதலில் சத்தம் போட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அங்கே சூபி வழியினரோடு அவன் கூட்டம் மோதியபோதே அவனைக் கைது செய்யச் சொல்லிக் கேட்டார்கள். அவன் தலைமறைவானான். குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26-ஆம் தேதி, சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டு, தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்களே. அந்த வீட்டில் ஒளிந்திருந்தது சஹ்ரானின் குடும்பமும் கூட்டாளிகளும். ஊர்ச்சனம் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த வீட்டிலேயே அவர்கள் வெடிக்க வைத்த குண்டு வேறு எங்கே வெடித்திருக்குமோ, நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அப்படித் தகவல் தந்த சமூகத்துக்கு அடுத்த மாதமே என்ன கிடைத்தது? ஹசலகையில் ஒரு பெண், சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்தவர்களால், கைதாகிச் சில வாரங்கள் விளக்கமறியலில் இருந்தார். மே 13-ஆம் தேதி குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். கடும் வழியை ஆதரிக்கிறவர்கள், இது கும்பலின் வேலை, அரசாங்கத்தின் வேலையில்லை என்பார்கள். எனக்கு அந்தப் பிரிப்பு ஒப்பவில்லை. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகநபராக நடத்தலாம் என்று மேலே இருந்து சைகை போனால், கீழே கல்லை எடுக்கிறவனுக்கு அதுவே போதும். அப்புறம், ஆபத்தான ஒருவனைப் பற்றித் தெரிந்த ‘நானா’ (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், என் லொட்ஜ் அறைத்தோழனைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வெளிநாடுகளில் அமெரிக்காவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2001-இல் தொடங்கிய ஆப்கானிஸ்தான் போர் 2021-இல் தலிபான் திரும்பி வந்ததோடு முடிந்தது. எனக்கு ஒப்பிட வசதியானது நியூசிலாந்து. அதே 2019-இல், மார்ச் 15-ஆம் தேதி, கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். 26 நாளில், 119-க்கு 1 என்ற வாக்கில், கொலைகாரன் பயன்படுத்திய வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். பிரதமர் ஜசிந்தா ஆர்டன் அவனுடைய பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார். வழக்கமான நீதிமன்றம் அவனுக்குப் பரோலில்கூட வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கொடுத்தது. எங்கே பிழைத்தது என்று பார்க்க ஆணைக்குழு அமைத்து, அறிக்கையை 2020 டிசம்பரில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஆயுதத்தின் மேல் கை வைத்தார்களே தவிர, எந்தச் சமூகத்தின் மேலும் கை வைக்கவில்லை.

ஆனால் நான் விரும்பும் வழியில் ஓட்டையே இல்லை என்று சொன்னால் பொய். 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி ஒக்லாந்து சுப்பர்மார்க்கட்டில் கத்தியால் குத்தியவன் நம் நாட்டவன், காத்தான்குடியைச் சேர்ந்தவன். பொலிஸ் அவனை இரவு பகலாகப் பின்தொடர்ந்துகொண்டேயிருந்தது. தாக்குதலுக்குத் திட்டமிடுவது மட்டும் அங்கே அப்போது குற்றமாக இல்லாததால் அவனை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. குத்துப்பட்டவர்களில் யாரும் சாகவில்லை என்பது அந்த மக்களின் அதிர்ஷ்டம். அந்த மாதமே திட்டமிடுதலைக் குற்றமாக்கினார்கள். ஆகவே மென்மையான வழிக்கும் பல் வேண்டும், அந்தப் பல் குற்றத்தைக் கடிக்க வேண்டும். 24 வீட்டுக் கணக்கு வைக்கிறவனாக, ஒரு நாட்டின் புலனாய்வை எப்படி நடத்துவது என்று அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் முதல் யோசனைக்குக் கை உயர்த்தியவர்களில் ஒருவர், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் தன் ஒன்றுவிட்ட அக்காவைப் பறிகொடுத்தவர். செவ்வாய்க்கிழமைகளில் நான் போய் மெழுகுதிரி கொளுத்துகிற அதே கோவில். எனக்கு நடக்காதது அவருக்கு நடந்தது. அவரோடு வாதாட என்னால் முடியவில்லை, முயலவுமில்லை. வாக்கெடுப்பு முடிந்ததும் என் கையைப் பிடித்து, “நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா எனக்கு இப்ப ஏலாது” என்றார். 13-க்கு 9 என்று இரண்டாவது யோசனை நிறைவேறியிருந்தது.

படிவத்தை முதலில் என் வீட்டுக்குத்தான் நிரப்பினேன். பிறகு 23 கதவுகளையும் நானே தட்டினேன். மூன்றாம் மாடி நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். “எல்லா வீட்டுக்கும் இதே கடதாசிதானா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஓகஸ்டில் ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பிறகு என் கதவு தட்டப்பட்டது. நானாதான், சாரத்தோடு, தொப்பியும் போடாமல். பின் ஒழுங்கையில் ஒரு வான் மூன்று நாளாக நிற்கிறது, இலக்கத் தகட்டில் துணி கட்டியிருக்கிறது, பார்க்க மனம் சரியாக இல்லை என்றார். இரண்டு பேருமாக டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தள்ளி நின்றே பார்த்துவிட்டுப் பொலிசுக்கு அழைத்தோம். ஏ.சி. திருத்துகிற பையன் ஒருவனுடைய வான். எஞ்சின் பழுதாகி விட்டுப் போயிருந்தான். அவர்கள் வந்து பார்த்துப் போகும்வரை, பதினொன்றரை மணி இருக்கும், நானா என் பக்கத்திலேயே நின்றார். பொலிஸ்காரர் யார் முதலில் கண்டது என்று கேட்டபோது, அவர் ஒரு அடி முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார்.