சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி: எது நன்றாக நடக்கிறது, எங்கே சிக்குகிறது

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு என்றால் பலருக்கு லோக் அதாலத்தும் நிலத் தகராறும்தான் நினைவுக்கு வரும். சிறையில் இருப்பவர்களுக்கு அது செய்யும் வேலைதான் அதன் மிகப் பெரிய பயன் என்பது எங்கள் கணிப்பு. ஜாமீன் உத்தரவு வாங்கித் தருவதில் இந்தச் சேவையை இன்று நம்பலாம். உத்தரவு கைக்கு வந்த பிறகு ஆளை வெளியே கொண்டுவருவதில்தான் தடுமாறுகிறது.

2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களுடைய சாப்பாடு, மருத்துவம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழிக்காவல் போலீஸ், வேன் எல்லாமே மக்கள் பணம். அதே நாட்களில் வீட்டில் கூலி நின்றுபோகிறது. சின்னத் திருட்டு வழக்கில் உள்ளே போனவர் கைதேர்ந்த ரவுடிகளோடு மாதக்கணக்கில் ஒரே பிளாக்கில் கிடப்பதால் ஊருக்குப் பாதுகாப்பு கூடிவிடாது. அவர் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவதே ஊருக்கும் நல்லது.

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆகவே வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டாம். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், ரிமாண்ட் தேதி இந்த நான்கும் இருந்தால் போதும். கைதி சிறைக்குள் உள்ள சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தார் நீதிமன்ற வளாக அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். ஏற்கெனவே தனியார் வக்கீல் வக்காலத்து போட்டிருந்தால், அவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே ஃபைல் நகரும். இதை முதல் நாளே முடித்துவிட வேண்டும்.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2022 திட்டத்தின் கீழ் வந்த முழுநேர சட்ட உதவி எதிர்வழக்கறிஞர் முறை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வக்கீல்கள், உண்மையான முன்னேற்றம். இவர்கள் தனியாக வக்கீல் தொழில் செய்யக் கூடாது. தனியார் வக்கீல்களின் பட்டியலிலிருந்து ஒருவரை அமர்த்தும் பழைய பேனல் முறையில் சொந்தக் கட்சிக்காரரின் வழக்குக்கு முன்னால் இலவச வழக்கு பின்னுக்குப் போய்விடும். இப்போது ஃபைலும் நாள் கணக்கும் ஒரே அலுவலகத்தில் இருக்கின்றன. டைப்பிங் செலவு, குமாஸ்தா செலவு என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நாள் கணக்குதான் இந்த வேலையின் உயிர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 187(3)இன்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கெடு முடிந்தும் மனு போடாமல் இருந்து, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கெடு முடிந்த மறுநாள் நீதிமன்றம் திறக்கும்போது மனு தயாராக இருக்க வேண்டும். இந்த வகை ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போடக் கூடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்தது அதே சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் உள்ளே கழித்திருந்தால் விடுவிக்க வேண்டும். மூன்றாண்டு தண்டனை உள்ள சாதாரணத் திருட்டு என்றால் ஓராண்டு, அல்லது ஒன்றரை ஆண்டு. மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. மனு அனுப்புவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. சன்ஹிதா அமலுக்கு வந்த 1.7.2024க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது உண்டு. ஆனால் அவர் மீது வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. பலருக்குக் கதவு அடைபடுவது இங்கேதான். அவர்களுக்கு வழக்கமான ஜாமீன் மனுதான் வழி.

இனி ஜாமீன்தாரர். தமிழ்நாட்டில் வழக்கமான உத்தரவு இப்படி இருக்கும்: 10,000 ரூபாய்க்குப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களின் போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில சமயம் சேர்ப்பார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கும், வீட்டோடு உறவு அறுந்தவருக்கும் இது நடக்காத காரியம். 1978இல் மோதி ராம் வழக்கிலேயே, ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளுவதை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். ஒரு கொத்தனாரிடம் கேட்ட 10,000 ரூபாயை 1,000 ஆக்கி, சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், விடச் சொன்னார்.

31.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளிவராவிட்டால் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் வராவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். ஜாமீன்தாரரைத் தேட தற்காலிக ஜாமீனும் கேட்கலாம். குடும்பத்தார் எட்டாம் நாளே செயலாளருக்கு ஒரு பக்க மனு கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்வது நல்லது. தானாக நடக்கும் என்று காத்திருந்தால் வாரங்கள் ஓடும். பிணைத் தொகையைக் குறைக்க அதே சன்ஹிதாவின் 484ஆம் பிரிவில் செஷன்ஸ் நீதிமன்றத்தை அணுகலாம்.

பணம்தான் தடை என்றால் மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. 2023 விதிப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று இருந்தது. போதைப்பொருள், ஊழல் தடுப்பு, உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு), பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்குக் கிடையாது. ஜாமீன் தொகை வைப்புத்தொகையாக நீதிமன்றத்துக்குப் போகிறது; வழக்கு முடிந்ததும் அரசுக் கணக்குக்குத் திரும்ப வழி உண்டு. திட்டம் நல்லது. ஆனால் 2023 விதிப்படி, பணம் ஒதுக்கும் மாவட்டக் குழு கூடியது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதற்கு முன் விசாரணைக்குப் பத்து நாள். அதனால் முதலில் சொந்தப் பிணை கேட்பதே வேகமான வழி.

எல்லாம் முடிந்தும் வாசலில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. வேறு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு, இருந்தால் ஒரு ஜாமீன் உத்தரவு மட்டும் போதாது. மனு போடும் முன்பே சிறைப் பதிவேட்டில் எத்தனை வழக்கு காட்டப்பட்டுள்ளது என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். குண்டர் சட்டத்தில், அதாவது தமிழ்நாடு சட்டம் 14/1982இல், தடுப்புக்காவல் உத்தரவு வந்துவிட்டால் ஜாமீன் வாங்கியும் வெளியே வர முடியாது. அரசுக்கு முறையீடு, தடுப்புக்காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம், ஆட்கொணர்வு மனு என்பது தனிப் பாதை. மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிடாமல், சென்னை அல்லது மதுரையில் உள்ள உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைதிக்குக் கொடுத்த ஆவணங்களின் நகலை அப்படியே, படிக்க முடியாத பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கங்களை வைத்தே பல தடுப்புக்காவல் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.