பிரையனும் டிரம்பும்: கிராமத்து வாக்கைக் கேட்ட இரண்டு விதம்

1896-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனுக்கு வயது 36. விளைச்சலுக்கு விலையில்லை, கடனோ கழுத்தை நெரித்தது. தங்கத்தை மட்டும் நம்பியிருந்த பணத்தோடு வெள்ளி நாணயமும் தாராளமாகப் புழங்கினால், விளைச்சல் விலை ஏறிக் கடன் பாரம் குறையும் என்று விவசாயிகள் நம்பினார்கள். ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பிரையன், மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று முழங்கி, இரு கைகளையும் சிலுவைபோல விரித்து நின்றார். நாணயக் கொள்கைக்கு முள்முடி சூட்டிய பேச்சு அது! அப்புறம் கட்சியின் அதிபர் வேட்பாளராக ரயிலேறி ஊர் ஊராக 18,000 மைல் சுற்றினார், தோற்றார்.

டிரம்ப் நியூயார்க் கட்டடத் தொழிலதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2016 அதிபர் தேர்தலுக்காக ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழக மேடையில் பேசியபோது, 'இரண்டாம் கொரிந்தியர்' என்ற பைபிள் நூலின் பெயரை 'இரண்டு கொரிந்தியர்' என்றார், அரங்கில் சிரிப்பு. சரி, அதனால் என்ன? அந்தத் தேர்தலில் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் (பைபிளை ஆழமாகப் பற்றி நிற்கும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ) வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேர் அவர் பக்கம். அவர்களுக்கு வேண்டியது பக்தரல்ல, காவலாள்; கருக்கலைப்பை எதிர்க்கும் நீதிபதிகளை நியமிப்பவர்.

பிரையன் வேதத்தை விவசாயியின் கடன் கணக்கோடு சேர்த்துப் படித்தார். டிரம்பிடம் இரண்டும் தனித்தனி என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய இறக்குமதி வரிப்போரில் 2018-இல் சீனா அமெரிக்க சோயாபீன்ஸுக்குப் பதில்வரி போட்டது. அடிபட்ட விவசாயிகளுக்கு அரசு மானியம் போனது. 2020-இலும் கிராமங்கள் அவருக்கே வாக்களித்தன.