சக்கரத்துக்கும் டாஷ்போர்டுக்கும் கிடைத்த சரியான கவனிப்பு

பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழும் நான் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, அப்பாவின் காரை விற்காமல் இன்னும் சில காலம் வைத்துக்கொள்வது என்று வீட்டில் முடிவாயிற்று. இன்ஜினில் குறையில்லை. அலாய் வீல்கள் நான்கும் பழுப்பேறிக் கிடந்தன. டாஷ்போர்டு வெயிலில் வெளுத்திருந்தது. இவற்றைச் சரிசெய்ய இரண்டு இடங்களுக்குப் போக நேர்ந்தது.

முதலில் போன இடத்தில், ஓடி வந்த சூடு ஆறாத சக்கரங்களின் மீது அமிலம் கலந்த கிளீனரைத் தெளித்து, அது காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட்டார்கள். பழுப்பு போயிற்று, அந்த இடத்தில் வெள்ளைத் திட்டுகள் வந்துவிட்டன. உள்ளே டாஷ்போர்டு, ஸ்டியரிங், பிரேக் பெடல் என்று வேறுபாடில்லாமல் சிலிக்கான் பாலிஷைப் பூசியிருந்தார்கள். வீடு திரும்பும் வழியில் டாஷ்போர்டின் பளபளப்பு முன்கண்ணாடியில் படிந்து சாலையை மறைத்தது. பெடலில் கால் வழுக்கியது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் வழுக்கும் பொருளைப் பூசுவது உயிரோடு விளையாடும் செயல் என்றே கருதுகிறேன்.

இரண்டாவது இடத்தில் வேலை பார்த்த பெரியவர், வந்ததும் பாட்டிலை எடுக்கவில்லை. சக்கரத்தின் உட்புற மூலையில், வெளியே தெரியாத ஓரிடத்தில், துளி மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. "மேலே கிளியர் கோட் இருக்கு தம்பி, நிறமில்லாத காப்புப் பூச்சு. வெறும் அலுமினியமா இருந்தா துணி கறுத்திருக்கும்" என்றார். கிளியர் கோட் உள்ள சக்கரத்தை மெட்டல் பாலிஷால் தொடர்ந்து தேய்த்தால் உலோகம் பளபளப்பதற்கு மாறாக மேற்பூச்சு மங்கும் என்பதால், அந்த ஒரு நிமிடச் சோதனையில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருந்தது.

சக்கரங்கள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அமிலமில்லாத இரும்புத்தூள் நீக்கியைத் தெளித்தார். சில நிமிடங்களில் ஆரக்கால்களின் இடுக்கிலிருந்து ஊதா நிறச் சாறு வழியத் தொடங்கியது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடாகத் தெறிக்கும் இரும்புத்துகள் பூச்சில் பதிந்து துருப்பிடிக்கின்றன. அந்த இரும்போடு மருந்து வினைபுரிவதால்தான் ஊதா நிறம் வருகிறது. அது காய்வதற்குள் கழுவிவிட்டு, பெயின்ட்டுக்குரிய மென்மையான பாலிஷால் திட்டுகளைத் தேய்த்தார். மூன்று சக்கரங்களில் அவை பெரும்பாலும் மறைந்தன. பின்பக்க இடது சக்கரத்தில் அமிலம் பூச்சை ஆழமாக அரித்திருந்ததால், அதைச் சுரண்டி மறுபடி லேக்கர் என்னும் மேற்பூச்சு அடித்தால்தான் தீரும் என்று ஒளிக்காமல் சொன்னார். இனிமேல் தூள் எளிதில் ஒட்டாமலிருக்கச் செராமிக் கோட்டிங் என்னும் காப்புப் படலத்தைப் பூசி, 24 மணி நேரம் ஈரம் படக்கூடாது என்பதால் வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

உள்வேலை இன்னும் பொறுமையாக நடந்தது. நீர் கலந்த கிளீனரைச் சுவிட்சுகளின் மீது நேரடியாக அடிக்காமல் துணியில் தெளித்துக்கொண்டு, ஏசி துவாரங்களின் இடுக்கை மெல்லிய பிரஷால் துழாவி, பழைய சிலிக்கானை முழுவதும் எடுத்தார். கியரைச் சுற்றியுள்ள மினுமினுப்பான கறுப்புப் பலகையை மட்டும் உலர்ந்த துணியால் தொடவேயில்லை, ஏனெனில் அதன் மேலுள்ள தூசியே கீறல் போட்டுவிடும். முதலில் ஊதி அகற்றி, பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தார். வெளுத்த பிளாஸ்டிக்கைப் பாலிஷ் பழையபடி ஆக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பளபளக்காத, நீர் சார்ந்த டிரெஸ்ஸிங் என்னும் பூச்சு மேற்கொண்டு வெளுப்பதைத் தாமதப்படுத்தும். அதைத்தான் பூசினார், ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் எதுவும் பூசவில்லை.

மறுநாள் மாலை வண்டியை எடுத்து வந்தோம். சக்கரங்களுக்கென்று தனி வாளியும் தனித் துணியும் வாங்கி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் துணியில் சேரும் இரும்புத்துகள் கார் பாடியைக் கீறிவிடும் என்பதை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இடது பின்சக்கரத்துக்கு லேக்கர் அடிக்கும் வேலை அடுத்த விடுமுறைக்கு இருக்கிறது.