கொலஸ்ட்ரால் மாத்திரையும் கால்வலியும்: பல ஆண்டுப் பயன்பாட்டின் அனுபவம்

ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். முதலில் அட்டோர்வாஸ்டாட்டின், இப்போது ரோசுவாஸ்டாட்டின். கொழுப்பைக் குறைக்கும் வேலையில் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. 170ஐ ஒட்டியிருந்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), 20 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் தொடங்கிய சில மாதங்களிலேயே 100க்கு அருகில் இறங்கிவிட்டது. ஆகவே அந்தப் பகுதியை இத்துடன் விட்டுவிட்டு, இம்மாத்திரைகளை எடுப்போர் பெரும்பாலும் எழுப்பும் கேள்விக்கு, அதாவது தொடையிலும் கெண்டைக்காலிலும் பாதத்திலும் வரும் வலிக்கு மாத்திரைதான் காரணமா என்பதற்கு, என் உடம்பு தந்த விடையை எழுதுகிறேன். தொடைவலிக்கு மாத்திரை காரணமாக இருந்தது, பாதவலிக்கு இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்ததால் பிரித்தறியச் சில மாதங்கள் ஆயின.

20 மி.கி. அளவில் ஓராண்டுக்கும் மேலாக எந்தத் தொந்தரவும் இல்லை. எல்டிஎல் 70க்குக் கீழே வர வேண்டும் என்று மருத்துவர் அளவை 40 மி.கி. ஆக உயர்த்தி ஒரு மாதம் கடந்த நிலையில், இரண்டு தொடைகளிலும் ஒரே மாதிரியான உளைச்சல் தொடங்கியது. மலையேறி இறங்கிய மறுநாள் தொடைகள் இருக்குமே, அப்படியொரு கனமும் கடுப்பும், எந்த உழைப்பும் இல்லாத நாள்களிலும் இருந்தன. தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதும் மாடிப்படி ஏறும்போதும் அது கூடியது. உட்கார்ந்திருந்தால் குறைந்ததே தவிர மறையவில்லை. சில இரவுகளில் கெண்டைக்கால் சதை இறுகிப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கலைத்தது.

பாதவலியின் தன்மை முற்றிலும் வேறு. அது வலது குதிகாலில் மட்டும் வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் முள் ஏறியது போன்ற குத்தல். கொஞ்சம் நடந்தால் தணிந்து, நெடுநேரம் நின்ற பின் மீண்டும் தலையெடுக்கும். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ‘கை, கால் வலி’ என்ற வரியைப் படித்துவிட்ட ஒருவர் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவது இயல்புதான், நானும் அப்படித்தான் மருத்துவரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது வலி எங்கே என்பதை. அடுத்துக் கேட்டது இரு பக்கமுமா, ஒரு பக்கமா என்பதை.

ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு ஓரளவு அடையாளம் உண்டு. தொடை, இடுப்பு, பிட்டம், தோள், கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில், இரு பக்கமும் சமமாக, மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் அது வருவது வழக்கம். மருந்தை நிறுத்தினால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் குறையும், மீண்டும் தொடங்கினால் திரும்பும். ஒரு பக்கத்து மூட்டிலோ குதிகாலிலோ ஊசிமுனைபோல் ஓரிடத்தில் குத்தும் வலி இந்த அடையாளத்துக்குள் வராது. பாதத்தைப் பொறுத்தவரை, உள்ளங்கால் தசைநார்ப் பட்டையின் அழற்சி, சர்க்கரை நோயாலோ பி12 குறைவாலோ வரும் நரம்புப் பாதிப்பு, யூரிக் அமிலம் கூடிப் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கும் கவுட் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மாத்திரையின் பக்கம் திரும்ப வேண்டும். எரிச்சலும் மதமதப்பும் விரல்நுனிகளிலிருந்து மேலேறி வந்தால் நரம்பை நினைக்க வேண்டும்.

இன்னொரு வலியை மருத்துவர் அழுத்திச் சொன்னார். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டு, நின்றால் ஓரிரு நிமிடங்களில் விட்டுவிடும் வலியானது காலுக்குச் செல்லும் தமனி சுருங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக்கொடுக்கப்படுவோரே இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் உடையவர்கள் என்பதால், இதை மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணி அவர்களாகவே நிறுத்திவிட்டால், எந்த நோய்க்கு அம்மருந்து மிகவும் தேவையோ அந்த நோயில் அது கைவிடப்படும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனையை எனக்கும் செய்தார்கள், இயல்பாக இருந்தது.

தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் நொதியான கிரியாட்டின் கைனேஸ் எனப்படும் சிகே அளவையும், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்தார்கள். தைராய்டு சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதன் சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். சிகே முதன்முறை மேல்வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. கடும் உடற்பயிற்சிக்குப் பின் அது தானாகவே உயரும் என்பதால் சில நாள்கள் பயிற்சியை விட்டு மறுபடி பார்த்தபோது வரம்புக்குள் வந்துவிட்டது. சிகே இயல்பாக இருந்தும் தசை வலிக்கலாம். சோதனைத்தாள் சரியாக இருப்பதைக் காட்டி வலியை மறுக்கும் மருத்துவர் அமைந்தால் வேறொருவரைப் பார்ப்பது நல்லது. சிகே மேல்வரம்பின் பத்து மடங்கைத் தாண்டினால் மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டும்.

அதன்பின் மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையைச் சில வாரங்களுக்கு முழுமையாக நிறுத்தினோம். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கோ ஸ்டென்ட் வைத்தவருக்கோ இது அவ்வளவு எளிதில் எடுக்கக்கூடிய முடிவன்று. எனக்கு அப்படி எதுவும் இல்லாததால் அனுமதித்தார். காலை, இரவு இருவேளையும் தொடைக்கு ஒரு மதிப்பெண், குதிகாலுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகக் குறித்துவந்தேன். மூன்றாம் வாரத்துக்குள் தொடை உளைச்சல் ஏறத்தாழ இல்லாமல் போனது. இரவுப் பிடிப்பும் அரிதாயிற்று. குதிகால் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் 2020இல் வெளியான சாம்சன் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். பக்கவிளைவு காரணமாக ஸ்டாட்டினை ஏற்கெனவே கைவிட்ட 60 பேருக்கு, ஓராண்டில் நான்கு மாதம் 20 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின், நான்கு மாதம் மருந்தில்லாப் போலி மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை என்று கலைத்துக் கொடுத்து, தொந்தரவை நாள்தோறும் மதிப்பெண்ணாகப் பதியச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8.0, போலி மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. மாத்திரை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பே தொந்தரவின் பெரும்பகுதியை உண்டாக்கியது என்பது இதன் பொருள். 2022இல் லான்செட் இதழில் வெளியான, 19 ஆய்வுகளின் ஒன்றேகால் லட்சம் பேரை ஒட்டிய தரவுகளைத் திரட்டிய பகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: தசைத் தொந்தரவு ஸ்டாட்டின் எடுத்தோரில் 27.1 விழுக்காட்டினருக்கும் போலி மாத்திரை எடுத்தோரில் 26.6 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அந்தச் சிறு மிகையும் பெரும்பாலும் முதலாண்டிலேயே தெரிந்தது.

வலியோடு இருக்கும் ஒருவருக்கு இந்த எண்கள் முதலில் எரிச்சலூட்டும். எனக்கும் ஊட்டின. ஆனால் போலி மாத்திரையில் வந்த வலியும் வலிதான்; ஆய்வு மறுப்பது வலியை அன்று, அதன் மூலத்தை. என் சோதனையில் எனக்குத் தெரிந்தேதான் மாத்திரையை நிறுத்தினேன் என்பதால் எதிர்பார்ப்பின் பங்கு இல்லை என்று சாதிக்கவும் முடியாது. இருப்பினும், நிறுத்தினால் தொடையும் குதிகாலும் சேர்ந்தே சரியாகும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். தொடை மட்டும் சரியானது, அதுவும் அளவு கூடிய பிறகு வந்த வலி. எதிர்பார்ப்பு மட்டுமே வேலை செய்திருந்தால் குதிகாலை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. குதிகாலுக்குப் பின்னர் உள்ளங்கால் தசைநார் அழற்சி என்று உறுதிசெய்து, கெண்டைக்காலையும் பாதத்தையும் இழுத்து நீட்டும் பயிற்சியும் குதிகாலைத் தாங்கும் காலணியும் பரிந்துரைத்தார்கள். சில மாதங்களில் நன்றாகவே குறைந்தது.

மீண்டும் தொடங்கும்போது 10 மி.கி. ரோசுவாஸ்டாட்டினை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 19 மணிநேரம் என்பதால் இடைவெளி விட்டாலும் பயன் பெரிதாகக் குறையாது. எந்த ஸ்டாட்டினாயினும் அளவை இருமடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஏறத்தாழ 6 விழுக்காடே குறையும். எனவே உயர் அளவைக் கைவிடுவதால் இழப்பது நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்க்கப்பட்டது.

துணைச்சத்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோ-என்சைம் க்யூ10 சில மாதங்கள் எடுத்தேன்; வேறுபாடு தெரியவில்லை, ஆய்வுகளும் ஒருமித்து ஆதரிக்கவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 2,083 பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வில் வைட்டமின் டி எடுத்தோர், எடுக்காதோர் ஆகிய இரு பிரிவிலும் தசைத் தொந்தரவு 31 விழுக்காடாகவே இருந்தது.

அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்த காலத்தில் தொண்டைத் தொற்றுக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டபோது, அந்நாள்களில் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவைக்கும்படி மருந்தாளுநர் எச்சரித்தார். கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் போன்றவை அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் கல்லீரலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் வேறொரு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலை எந்த ஸ்டாட்டினோடும் சேர்ப்பது நல்லதன்று. தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸ் மிக அரிது. ஆயினும் தசைவலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அல்லது வலியைவிடப் பலவீனம் மேலோங்கிக் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல் போனால், அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திய பின்னும் பலவீனம் கூடிக்கொண்டே போவது, அரிதாக வரும் ஒரு தன்னெதிர்ப்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

எந்த ஸ்டாட்டினும் ஒத்துவராதவர்களுக்குப் பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதியால்தான் அது செயல்வடிவம் பெறும். தசையில் அந்நொதி இல்லாததால் அங்கே அது வேலை செய்வதில்லை. கிட்டத்தட்ட 14,000 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் அது இதய நிகழ்வுகளை 13 விழுக்காடு குறைத்தது. ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால், கவுட் இருப்போர் தொடைவலியிலிருந்து தப்பித்துப் பெருவிரல் வலியில் போய் மாட்டிக்கொள்ளலாம். ஊசிவழி மருந்துகளும் உள்ளன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

இப்போதைய ஏற்பாட்டில் எல்டிஎல் 80ஐ ஒட்டி நிற்கிறது. 70 என்ற இலக்கை எட்டவில்லை. என் பிற அபாயக் காரணிகளைப் பார்த்து மருத்துவர் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். தொடை உளைச்சல் திரும்பவில்லை. குதிகால் வலி, நீட்டும் பயிற்சியைச் சில வாரங்கள் விட்டாலோ காலணியின் அடிப்பகுதி தேய்ந்தாலோ இன்னும் எட்டிப் பார்க்கிறது. மாத்திரை எடுத்த நாள், எடுக்காத நாள் என்ற வேறுபாடு அதற்கு இல்லை.