தாத்தாவின் நோட்டுக்கு அசிடேட்டா, மெத்தில் செல்லுலோஸா?

தாத்தா 1930களில் எழுதிய மருந்துக் குறிப்பு நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. புரட்டும்போது ஓரங்கள் உதிரத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குக் கவலை வந்தது. சரிசெய்ய இரண்டு வழிகள் தெரிந்தன. செல்லுலோஸ் அசிடேட் படலத்தைத் தாளின் இருபுறமும் ஒட்டி மூடிவிடலாம். அல்லது மெத்தில் செல்லுலோஸ் பசை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளைக் கிழிசலுக்குத் தாங்கலாக ஒட்டலாம். நான் பசைப் பக்கம் போனேன். இரண்டு வருடம் கழித்தும் அதே முடிவில்தான் இருக்கிறேன்.

இரண்டுமே ஒரே தாய்ப்பொருளின் பிள்ளைகள். பஞ்சிலும் தாளிலும் இருக்கும் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு மணிக்கும் மூன்று ஹைட்ராக்சில் கைகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள். மூன்றுக்கும் தண்ணீர் பிடிக்கும். ஆனாலும் பஞ்சு தண்ணீரில் கரைவதில்லை, ஏனென்றால் சங்கிலிகள் அந்தக் கைகளாலேயே ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. மணிக்குச் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு கைகளில் மெத்தில் தொகுதியை மாட்டினால் பிடி தளர்ந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். இத்தனைக்கும் மெத்தில் தண்ணீருக்கு ஆகாத தொகுதி! அதையே அளவுக்கு மேல் ஏற்றினால் பொருள் மறுபடியும் தண்ணீரில் கரையாமல் போய்விடும். அசிடேட்டில் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை அசிட்டைல் தொகுதிகள் இருக்கும். அது தண்ணீரில் கரையாது, அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும். சில மூக்குக்கண்ணாடிச் சட்டங்களும் இந்தப் பொருள்தான்.

அசிடேட்டைக் குறை சொல்வதற்கு முன் அதன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1930களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ, சூடான அழுத்த இயந்திரத்தால் ஆவணங்களை அசிடேட்டுக்குள் பதித்தார். அந்த இயந்திரம் வாங்க வசதியில்லாத இடங்களுக்காக, அசிட்டோன் நனைத்த பஞ்சால் கையாலேயே ஒட்டும் முறை இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது. தொட்டாலே நொறுங்கும் தாளைக் கையில் எடுத்துப் படிக்க வைத்த முறை அது. மேலே தண்ணீர் சிந்தினாலும் துடைத்துவிடலாம். பலம் என்று பார்த்தால் என் பசை அதன் பக்கத்தில் நிற்காது.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. இன்று ஒட்டியதை இன்னொருவர் நாளை பிரிக்க முடியுமா?

சித்தப்பா 1980களில் குடும்பத்தின் நிலப் பத்திரம் ஒன்றை அசிடேட் போட்டு வாங்கி வந்தார். இப்போது அந்தப் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை. தாள் வளைந்து, படலம் சில இடங்களில் சுருங்கிக் கிடக்கிறது. காரணம் எளிது. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டைல் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று அசிட்டிக் அமிலமாகின்றன. அந்த அமிலமே மீதியையும் வேகமாகக் கழற்றுகிறது. எங்களுடையது கடலோர ஊர். ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் குறைவே இல்லை. தாளுக்குள் ஏற்கெனவே இருந்த அமிலமும் படலத்துக்குள் அடைபட்டுவிடுகிறது. பாரோவே பின்னாளில் அமிலத்தை முறித்துவிட்டுத்தான் படலம் போட வேண்டும் என்று கண்டு, சுண்ணாம்புக் கரைசலில் தாளை முக்கும் முறையைச் சேர்த்தார்.

சரி, பிரித்துவிடலாம் என்றால் தாளை அசிட்டோனில் ஊற வைக்க வேண்டும். பத்திரத்தில் ரப்பர் முத்திரையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய குறிப்பும் இருக்கின்றன. இரண்டு மையும் அசிட்டோனில் ஓடும். படலத்தைப் பிரிக்க எழுத்தை இழப்பதா? பத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மெத்தில் செல்லுலோஸ் பசையைப் பிரிக்க ஈரமான மையொற்றுத்தாளைச் சற்று நேரம் வைத்தால் போதும். இளகி வந்துவிடும். முதல் மாதத்தில் ஒரு பக்கத்தைக் கோணலாக ஒட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்து நேராக ஒட்ட முடிந்தது. மைதாப் பசையைத் தேடி வருகிற இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இதில் பெரிய விருந்தில்லை.

காய்ச்சும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தூளை நேரே கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே தூளுமாகக் கட்டி தட்டிவிடும். இது குளிரில் கரைந்து சூட்டில் இறுகும் பொருள், அரிசிக் கஞ்சிக்கு நேர் எதிர். 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் தூள் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை நன்றாகச் சூடாக்கி, அதில் தூளைத் தூவிக் கலக்குவேன். எல்லாத் தூளும் நனைந்ததும் மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றி இரவு முழுக்க விட்டால் காலையில் கண்ணாடிபோலக் கூழ் நிற்கும்.

கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸையும் சிலர் சொல்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் கண் சொட்டு மருந்திலும் இருப்பது. நன்றாகவே வழுக்கிக்கொண்டு பரவுகிறது. நான் அதை நான்கைந்து கிழிசலில் மட்டும் பயன்படுத்தியிருப்பதால் மெத்தில் செல்லுலோஸோடு வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர்ப் பசை எல்லாப் பக்கத்துக்கும் ஒத்துவராது. முதலில் ஓர் எழுத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு நீர் வைத்து ஒற்றிப் பாருங்கள். நோட்டின் கறுப்பு மை அசையவில்லை. நீல மையில் எழுதிய எட்டுப் பக்கங்கள் கசிந்தன. அவற்றுக்கு ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸை வாங்கினேன். அது தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். ஆல்கஹாலில் கரைத்துத் தடவியபோது அந்த மை ஓடவில்லை. பிடிமானம் கொஞ்சம் குறைவுதான். எட்டுப் பக்க அனுபவத்துக்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இல்லை.

அப்புறம், நனைந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. அதற்காகத் தண்ணீரை விரட்டும் பொருளைத் தாளோடு ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டி முடித்த பக்கங்களை நன்றாக உலரவிட்டு, ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். உறை தாளைத் தொடுகிறது, ஆனால் பிடித்துக்கொள்வதில்லை. பேரன் படிக்கக் கேட்டால் உருவிக் கொடுத்துவிடலாம்.