பால் விடாத தேநீரின் நிறம்

ஆறு வருஷம் கழித்து, தைப்பூசத்துக்காக இந்த ஜனவரியில் மொரிஷியஸ் போயிருந்தேன். காவடி எடுப்பதாக வேண்டுதல். போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் அரசு மருத்துவமனையில் படுத்தேன். ஏழாம் நாள்தான் வெளியே வந்தேன். ஊர்ப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் விமானச் சீட்டு, சாலை, சாப்பாடு என்று எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரு மருந்துக்கடை, ஒரு தனியார் கிளினிக், ஒரு அரசு வார்டு பற்றி.

நான் பிறந்தது காத்ர்போர்னில். தமிழ் படிக்கத் தமிழ்நாடு வந்தவன், பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு கிரியோலில்தான். அதனால் இங்கே வரும் உரையாடல்களைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். உறவுமுறைகளிலும் பாதி கிரியோல் கலந்திருக்கும். அண்ணன் மகன் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டதே இல்லை, 'தொந்தொன்' என்பான்.

பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கு அண்ணன் காரோடு வந்திருந்தார். கடைசியாக நான் வந்தபோது போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வரை மட்டும் ஓடிய மெட்ரோ, இப்போது க்யூர்பிப் வரை போகிறது. சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை கோவிலில் கொடியேற்றம். அன்று முதல் பத்து நாள் விரதம். நான் ஒருவேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன்.

என் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முப்பது வயது வரை ஊர் அணியில் கால்பந்து ஆடியவன். ஏழு முறை காவடி எடுத்தவன். இப்போது வயது 47. பன்னிரண்டு வருஷமாக நாற்காலியும் கரும்பலகையும்தான். இரண்டு வருஷமாகக் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். ஆனால் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் முருகன் கோவிலைக் கண்டதும், முப்பது வயதுக் கால்கள்தான் என் நினைவில் இருந்தன. காவடிக்கு முன்னால் உடம்பைக் கொஞ்சம் தயார் செய்துகொள்ளலாம் என்று அண்ணன் மகனிடம் நான்தான் கேட்டேன். அவன் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஞாயிறு விடிகாலை லெ பூஸ் மலை ஏறினோம். 812 மீட்டர். உச்சி கட்டைவிரல் நீட்டியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். 1836இல் டார்வின் இந்தத் தீவுக்கு வந்தபோது அவரும் ஏறியிருக்கிறார். ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இறங்கும்போது தொடைகள் நடுங்கின. பாறையில் கால் வைத்தால் முட்டி தானாக மடிந்தது. ஏற்றத்தை விட இறக்கம் தசைக்கு ஏன் கொடுமை என்று பிறகு டாக்டர் விளக்கினார். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. நீளும்போது பாரம் தாங்குகிற நார்களில்தான் கிழிசல் அதிகம். பழகிய தசை அதைத் தாங்கிக்கொள்ளும். பழக்கம் விட்டுப்போன தசை தாங்காது.

அடிபட்ட அந்தத் தசைகளோடு திங்கள் மாலை அண்ணன் மகனுடைய ஜிம்முக்குப் போனேன். முதல் வகுப்பு இலவசம். ஸ்குவாட் என்றார்கள், காதைப் பிடிக்காத தோப்புக்கரணம். இருபது இருபதாகப் பத்து முறை, நடுவில் குதித்து எழுவதும் உண்டு. ஜனவரி வெயிலின் புழுக்கம் சுவரில் இருந்தது. காலையிலிருந்து நான் குடித்தது இரண்டு டம்ளர் தண்ணீர். பயிற்சி கொடுத்த இளைஞர் நல்லவர், உற்சாகமானவர். 'இன்னும் ஒரு இருபது' என்றார். எத்தனை வருஷம் கழித்து வருகிறீர்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. மற்றவர்கள் செய்யும்போது நிறுத்துவது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

செவ்வாய் வலித்தது. புதிதாகச் செய்தால் வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தெருமுனை மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப்புண் உண்டா என்று கேட்டார்கள், அது சரியான கேள்விதான். ஆனால் இந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. தண்ணீர் வற்றிய உடம்பில், தசை சிதைந்துகொண்டிருக்கும் நேரத்தில், அதைத்தான் நான் மூன்று வேளை விழுங்கினேன்.

புதன் காலை கழிவறையில் உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்துக் கைபலத்தில் எழுந்தேன். தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் பலகைபோல் இருந்தன. சிறுநீர் கறுப்பாக, பால் விடாத தேநீர் நிறத்தில் போனது. பயந்தேன். பிறகு, விரதம், வெயில், தண்ணீர் குறைவு என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி வீட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டு சிறுநீர் பற்றி எப்படிப் பேசுவது?

மாலையில் ஒரு தனியார் கிளினிக். வரவேற்பறை குளிர்ச்சியாக இருந்தது, பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், மூட்டில் பிரச்சினை இல்லை என்றார், இடுப்பில் ஒரு ஊசி போட்டார். அதுவும் டைக்ளோஃபெனாக்தான் என்பதைப் பிறகு ரசீதில் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை இல்லை, சிறுநீர்ப் பரிசோதனை இல்லை. 3,500 ரூபாய்; இந்தியப் பணத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டும் தப்பு. ஆனால் கேட்க வேண்டியது அவருடைய தொழில் என்று இன்றும் நினைக்கிறேன்.

வியாழன் காலை மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நான் எழுந்ததை அண்ணி பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் கார் சாவியை எடுத்தார். நேராக அரசு மருத்துவமனை.

அவசரப் பிரிவில் கூட்டம். நாங்கள் காத்திருந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு, நெற்றியில் சிறிய குங்குமப் பொட்டு வைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க நர்ஸ் ஒருவர் கூப்பிட்டார். எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன செய்தீர்கள் என்று எழுதிக்கொண்டே வந்தவர், தலை நிமிராமல் கேட்டார்: "மிஸ்யே, கி குலேர் ஊ பிபி?" சிறுநீர் என்ன நிறம்?

அண்ணி பக்கத்தில் இருந்ததால் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பால் விடாத தேநீர்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதன் பிறகு நான் வரிசையில் உட்காரவே இல்லை. ஒரு கோப்பை, சக்கர நாற்காலி, ஈ.சி.ஜி., இரண்டு கையிலும் ஊசி. சோதனைப் பட்டையை நனைத்தபோது ரத்தம் இருப்பதாகக் கடும் நிறம் காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இல்லை. இந்த முரண்தான் அடையாளம் என்று இளம் டாக்டர் சொன்னார். அது ரத்தமல்ல, தசைக்குள் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம். தசைநார் உடைந்தால் அது ரத்தத்தில் கொட்டுகிறது, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கிறது. கூடவே பொட்டாசியமும் கொட்டுகிறது, அது ஏறினால் இதயத்தின் துடிப்பே தவறும். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தது அதற்காகத்தான். நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ். தசைச் சிதைவு என்று சொல்லலாம்.

இந்தச் சேதத்தை மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது 1941இல், லண்டன் குண்டுவீச்சின்போது என்றார் அவர். இடிபாடுகளில் கால் நசுங்கியவர்களை உயிரோடு மீட்டார்கள். சில நாளில் சிறுநீரகம் நின்று அவர்கள் இறந்தார்கள். பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் அதை எழுதி வைத்தார். என்மேல் சுவர் விழவில்லை. ஆனால் என் தொடைக்குள் நடந்தது அதேதான் என்று கேட்டபோது உடம்பு சில்லிட்டது.

சாயங்காலம் முடிவு வந்தது. சி.பி.கே. என்ற தசை நொதி 200க்குள் இருக்க வேண்டும், எனக்கு 48,000. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 168 என்றதும் அலறிவிட்டேன். இங்கே மைக்ரோமோல் கணக்கு. இந்தியக் கணக்கில் 1.9. ஊருக்கு வரும் இந்தியவாசிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 88ஆல் வகுத்தால் நமக்குப் பழகிய எண் வந்துவிடும். 1.9 நல்ல எண் அல்ல. ஆனால் மீளக்கூடிய எண்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சலைன் பாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரவு பகலாக ஏறியது. மணிக்கு 200 முதல் 300 மில்லி சிறுநீர் போக வேண்டும் என்று குறி வைத்து, ஒவ்வொரு மணியும் அளந்து எழுதினார்கள். காலையும் மாலையும் தொடைச் சுற்றளவை நாடாவால் அளந்தார்கள். கால்விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுக் கேட்டார்கள். வீக்கம் உள்ளேயே இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, தசையை அறுத்துத் திறந்துவிட வேண்டி வருமாம். கொலஸ்ட்ரால் மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள், ஸ்டேட்டின் வகை மருந்துகளும் தசையைப் பாதிக்கக்கூடியவை என்பதால். ஒரு மாத்திரையோ ஒரு வகுப்போ மட்டும் காரணமல்ல, மலை இறக்கம், ஸ்குவாட், வெயில், விரதம், மாத்திரை எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவிட்டன என்றார் டாக்டர். வலி, பலவீனம், கறுத்த சிறுநீர் மூன்றும் சேர்ந்து தெரிவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லையாம். மூன்றும் எனக்குத் தெரிந்தன. நான் மூடி வைத்தேன்.

உறவினர்கள் பார்க்கும் நேரத்தில் இளநீரும் வாழைப்பழமும் கொண்டு வந்தார்கள். நோயாளிக்கு நாம் ஆசையாகக் கொடுப்பது அவைதானே. நர்ஸ் இரண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். என் அத்தைக்கு மனவருத்தம், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இதை எழுதுவதே யாராவது ஒரு அத்தைக்கு இது முன்கூட்டித் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

வார்டின் கடைசியில் ஒரு கதவு, அதற்கு அந்தப்புறம் டயாலிசிஸ் பிரிவு. சர்க்கரை நோய் மிகுந்த தீவு எங்களுடையது. பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், வாரத்தில் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் இரவு, இத்தனை பாட்டில் வேண்டுமா என்று அலுத்துக்கொண்டேன். பொட்டு வைத்த நர்ஸ் அந்தக் கதவைக் காட்டினார். "நீங்கள் அந்தப்பக்கம் போகாமல் இருக்கத்தான் மிஸ்யே." அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு தைப்பூசம். என் காவடியை அண்ணன் மகன் எடுத்தான். வார்டில் இன்னும் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் சின்ன வயதில் கோவிலில் மனப்பாடம் செய்த பாட்டு முழுவதும் வந்தது. அவர் பாட, நாங்கள் அரோகரா சொன்னோம். அன்று என் சி.பி.கே. 16,000. பொட்டாசியமும் கிரியாட்டினினும் இறங்கியிருந்தன.

மூன்று மணிக்கு அவன் வந்தான். இளஞ்சிவப்பு வேட்டி, நெற்றியில் திருநீறு, கன்னத்தில் வேல் எடுத்த இடத்தில் சின்ன வடு, கையில் வாழையிலையில் சுற்றிய 'செத் காரி'. ஏழு கறி வைத்துச் சாப்பிட்டுத்தான் எங்கள் ஊரில் விரதம் முடியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். "தொந்தொன், நான்தான் உங்களைக் கொன்றிருப்பேன்." நான் அவன் தலையில் கை வைத்து, கேட்டது நான், நிறுத்தாததும் நான் என்றேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஏழில் நான்கு கறி சாப்பிட்டேன்.

புதனன்று சி.பி.கே. 3,700க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு நாள் மருந்து, பரிசோதனை, சாப்பாடு அனைத்துக்கும் நான் கொடுத்தது ஒரு காசு இல்லை. குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது, என் அடையாள அட்டை இன்னும் செல்லும். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: சி.பி.கே. சரியாகும் வரை வீட்டு நடை மட்டும், வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, வலிநிவாரணி வேண்டாம், சிறுநீர் கறுத்தால் அதே நாளில் வர வேண்டும். கிளம்பும்போது அந்த நர்ஸைத் தேடினேன். அன்று அவருக்கு விடுமுறை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

புதுச்சேரி திரும்பி மூன்றாம் வாரம் சி.பி.கே. 170 வந்தது. மாலையில் வண்டி ஓடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். முதல் வாரம் பத்து நிமிஷம், இப்போது இருபத்தைந்து. தொடையில் பழைய பலம் இன்னும் வரவில்லை. கொலஸ்ட்ராலுக்கு இனி என்ன மருந்து என்று இங்குள்ள டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அண்ணன் மகனிடமிருந்து ஒரு செய்தி. அவன் ஜிம்மில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், ஐம்பது வயது, ஒரு காலத்தில் ஓட்டக்காரராம். எத்தனை வருஷம் கழித்து வருகிறீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இவனே போய்க் கேட்டிருக்கிறான். பக்கத்தில் நின்று ஸ்குவாட்டை எண்ணியிருக்கிறான். இருபதில் நிறுத்தச் சொன்னேன் தொந்தொன், அவருக்குக் கோபம் என்று எழுதியிருந்தான்.